நூற்றிருபதுக்கு மேல்

ஜாப்ரியாவில் பள்ளிக்கூடம் விட
இன்னும் நாற்பது நிமிஷம்.
தெருவில் ஒரே மரம்.
அதன் நிழலுக்குள் மூக்கை மட்டும் நுழைத்து
ஒன்பது வண்டிகள்.

வண்டியில் எது உபயோகம் என்று
ஆரம்பித்தவர் லூர்துராஜ்.
அவர் வண்டியில் சீட்டுக்கு அடியிலிருந்து
குளிர்காற்று வருமாம்.
டிரைவர் பக்கத்துப் பொத்தானை
ஒருநாளும் தொட்டதில்லை என்றார்.
யாரும் காரணம் கேட்கவில்லை.

ரிவர்ஸ் கேமராதான் என்றார் ஜகபர்.
பழைய வீட்டில் கொடுத்த வண்டிக்கு அது கிடையாது.
ஒருநாள் காலை, வாசலில்,
பூனை
என்றதோடு நிறுத்திக்கொண்டார்.

டீ கப் நிற்கிற குழி,
வேறென்ன வேண்டும் என்றார் சுப்பாராவ்
டீயைக் குடித்துக்கொண்டே.

நான் சொன்னேன்:
நூற்றிருபதைத் தாண்டினால்
டிங் டிங்கென்று அடிக்குமே, அது.
சிரித்தார்கள்.
அதைப் பிடுங்கத்தானே அவனவன்
கராஜுக்கு அலைகிறான்.
பாபாவின் மகனும் ஐந்து தினார் கொடுத்து
ஷுவைக்குக்கு அனுப்பினான்.
நான் போய்
நாலு டயருக்கும் காற்றடித்துத் திரும்பி
முடியாதாம் என்று காசை நீட்டினேன்.
ராடார் அடித்தால் அவன் வண்டி, என் சம்பளம்.
அந்த வண்டியில்
என் பக்கம் பேசுகிற பாகம்
அது ஒன்றுதான்.

போலீஸ் என்று பேச்சு திரும்பினால்
குரல் தானாக இறங்கிவிடுகிறது,
தமிழில் பேசினாலும்.
ஊரிலானால் கெஞ்சிப் பார்க்கலாம்,
கேமராவிடம் எதைக் கெஞ்ச என்றார் ஜகபர்.
ஆறாவது ரிங் ரோட்டில் பெல்ட் போடாததற்கு நிறுத்தியவன்
தண்ணீர் பாட்டிலும் கொடுத்தான்
ஃபைனும் கொடுத்தான் என்றார் லூர்துராஜ்.
பாட்டில் இன்னும் அவர் டிக்கியில் கிடக்கிறது.

கேரவன் என்றால் நம்மூரில் நடிகருக்கு.
இங்கே குளிர் வந்தால்
ஒரு குடும்பமே மணலுக்குக் குடிபோகும்.
படுக்கை, அடுப்பு, கக்கூஸ், டிவி,
எல்லாவற்றுக்கும் சேர்த்து
ஒரு நம்பர் பிளேட்.
காலடியால் அளந்து பார்த்தேன்.
என் அறை
அதன் அடுப்படிக்குள் அடங்கிவிடும்,
கட்டிலை வெளியே போட்டால்.

போன ஜனவரி
சுபியாவுக்கு ஓட்டிக்கொண்டுபோய் நிறுத்தினேன்.
வியாழக்கிழமை வருவோம், பார்த்துக்கொள் என்று
பின்கதவுச் சாவியை
எடுத்துப் போய்விட்டார்கள்.
என் சீட்டுக்குப் பின்னால் பலகைத் தடுப்பு,
அந்தப் பக்கம் அவர்கள் அலமாரி.
சாயாது.

இரவு இரண்டு மணி.
மணலில் டயர் அரைக்கிற சத்தம்.
நெற்றியில் டார்ச்.
பத்தாக்கா, லைசன்ஸ், வண்டிப் புத்தகம்.
மீசை அப்போதுதான் முளைக்கிற பையன்.
உள்ளே தூங்காமல் இங்கே ஏன் என்றான்.
சாவிக்கு அரபி தெரியும்,
மற்றதற்குத் தெரியாது.
சாவி இல்லை என்றேன்.
கதவைப் பார்த்தான், என் மங்கி குல்லாவைப் பார்த்தான்.
ஹீட்டர் போடு என்றான்.
பெட்ரோலுக்குக் கணக்கு கேட்பார்கள் என்பதை
மாஃபி முஷ்கில் என்று சொன்னேன்.

போனான்.
போய் நூறடி தள்ளி நின்றான்.
நீல விளக்கு அரைமணி நேரம்
என் கண்ணாடியைத் தடவிக்கொண்டு சுற்றியது.
காவலா, சந்தேகமா,
இன்றுவரை தெரியாது.
அதில் கொஞ்சம் சூடு இருந்தது.
இருந்ததென்று வைத்துக்கொண்டேன்.

அப்ப கேரவனில் எது உபயோகம் என்றார் சுப்பாராவ்.
உள் லைட்டு என்றேன்.
டயர் சத்தம் கேட்டதுமே அதைப் போட்டு
இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் வைத்திருந்தேன்.
எட்டுப் பேரும்
தலையை மட்டும் அசைத்தார்கள்.

மணி அடித்தது.
சின்னவள் ஓடிவந்து ஏறி
பையை என் தோளில் இடித்து
என் சீட்டை உதைத்து
டிங் டிங் என்கிறாள்.
வேகமாகப் போ, அது அடிக்கட்டும்.
இது நாற்பது ரோடு தாயி என்றேன்,
தமிழில்.