கணவாய்

மூன்று நாள் உருகியது.
அபர்டீன் துறைமுகக் குளிர்கிடங்கில்
தார்ப்பாய் விரித்துக் குழாய்நீர் சொட்டவிட்டோம்.
வெளியே கருங்கல் நகரம் மழையில் மின்ன
உள்ளே ஒன்பது மீட்டர்
மெல்லச் சுருள் பிரிந்தது.

இழுவைப்படகுக்காரர் கேட்டார்,
இதை எத்தனை பேர் தின்னலாம்?
ஒருவரும் தின்ன முடியாது.
தசை முழுக்க அம்மோனியா.
கனமின்றி மிதப்பதற்காகத்
தன்னையே கழிப்பறை நெடியாக்கிக்கொண்ட உடம்பு.
எனக்குத் தெரிந்த கணவாய்
மிளகுப் பிரட்டலில் முடிந்துவிடும்.
இதன் முன்னால் அந்தச் சொல்
சட்டி விளிம்பிலேயே நின்றுவிட்டது.

கண்ணை வலை கிழித்திருந்தது.
குழி மட்டும், சாப்பாட்டுத் தட்டு அகலம்.
எதைப் பார்க்க இவ்வளவு?
"திமிங்கிலத்தை" என்றாள் ஐலீ.
அது உரசிக்கொண்டு வரும் இருட்டில்
நுண்ணுயிர்கள் மினுங்குமாம்.
அந்த மினுக்கத்தைத்
தூரத்திலேயே பார்த்துவிட வேண்டுமாம்.
கொல்ல வருவது
ஒளியோடு வருகிறது.

என் வேலை எழுதுவது.
பால்: பெண்.
இதயம்: மூன்று.
குருதி: செம்பு கலந்தது, காற்றுப்பட்டால் நீலம்.
இடது மூன்றாம் கையில், தோலுக்கடியில்
வெள்ளை நூல்கள்.
ஆண் எப்போதோ குத்திச் செலுத்திவிட்டுப் போனவை.
வேண்டும்போது எடுத்துக்கொள்ள வைத்திருந்தாளா,
இருப்பதே தெரியாமல் நீந்தினாளா?
படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.
வயது: தலைக்குள் மணலளவு ஒரு கல்,
நாளுக்கொரு வளையம், பிறகுதான் எண்ண வேண்டும்.
இரண்டோ மூன்றோ ஆண்டு இருக்கும் என்றாள்.
என் குளிர்ச்சட்டை அதைவிட மூத்தது.

"உன் மொழியில் இதன் பெயர் என்ன?"
கணவாய்.
மலைகளுக்கு நடுவே போகும் வழிக்கும்
அதே பெயர் என்றேன்.
சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தி
கத்தியை வைத்துவிட்டு
"இங்கே வா" என்றாள்.

மூளை ஒரு வளையம்.
நடுவே ஓட்டை.
ஓட்டைக்குள் உணவுக்குழாய்.
விழுங்கும் ஒவ்வொரு வாயும்
மூளைக்கு நடுவே நுழைந்துதான் இறங்கும்.
பெரிதாக விழுங்கினால் நசுங்கக்கூடும்.
அதற்குத்தான் கிளி மூக்குப் போன்ற அலகு,
அதற்குத்தான் அரம்போல நாக்கு.

கை கழுவும்போது
முதுகைக் காட்டியபடியே ஐலீ சொன்னாள்,
மார்ச்சோடு ஆய்வகத்தை மூடுகிறார்களாம்.

பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர்
என் நெடி தாங்காமல் மாடிக்குப் போய்விட்டார்.
யூனியன் தெரு நெடுக
அந்த ஒரு வாக்கியத்தை
நறுக்கிக்கொண்டே வந்தேன்.
மார்ச்.
மார்ச்சோடு.
இன்னும் பெரிதாகத்தான் இருந்தது.