புறங்கை

கோடை முகாமில் வருடத்துக்கு ஒரு நாள்
யாரும் பாட மாட்டோம்.
மஞ்சள் பேருந்து மண்பாதையில் திரும்பியதும்
சின்னவர்கள் வழக்கமான கூச்சலைத் தொடங்கி
எங்கள் முகத்தைப் பார்த்துப் பாதியில் விட்டார்கள்.

ஆவ் மாதம் ஒன்பதாம் நாள்.
பெரியவர்கள் பல்லில் பச்சைத் தண்ணீர் படக் கூடாது.
காலில் தோல் ஆகாது.
ஷிஃப்ரா ரப்பர் செருப்பில் வந்தாள்,
ஒன்று அவளுடையது, ஒன்று தம்பியுடையது.
விஸ்கான்சின் வெயிலில்
பைன் மரங்கள் பிசின் கக்கின.
யாரும் இறங்காத ஏரி
பாட்டுக்குப் பளபளத்துக்கொண்டிருந்தது.

தரையில் வட்டமாக உட்காரவைத்து
நெஹாமா சின்னவர்களுக்குச் சொன்னாள்:
ரொம்ப காலத்துக்கு முன்னால், எருசலேமில்,
நம் வீடு எரிந்துபோனது.
"யாரோட வீடு?"
"எல்லாரோடதும்."
"இன்னுமா கட்டல?"
கேட்டவன் கலேவ். ஆறு வயது.
நெஹாமா தொப்பியைக் கழற்றி
மறுபடி மாட்டிக்கொண்டாள்.

ஆறு வயதுக்கு நோன்பு கிடையாது.
இரண்டு மணிக்குத் தர்ப்பூசணி.
அறுக்கும் வேலை ஷிஃப்ராவின் தலையில் விழுந்தது.
பதினான்கு வயது, முதல் முழு நோன்பு.
கத்தி இறங்கும்போதெல்லாம்
மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.
"எண்ணாதே" என்றேன்.
"முப்பத்தெட்டு" என்றாள்.
துண்டுகளா, நிமிடங்களா, கேட்கவில்லை.

படகுக் கொட்டகைக்குப் பின்னால்
நான் ஒரு முட்டை சாண்ட்விச் தின்றேன்.
இதை இங்கேதான் முதலில் சொல்கிறேன்.
நின்றபடி, நாலே வாயில்.
உதட்டைத் துடைத்துக்கொண்டு அவசரமாகத் திரும்ப
காலடியில் என்னவோ நொறுங்கியது.

கலேவ் மூன்று நாளாகக் கட்டிய வீடு.
பிர்ச் பட்டையில் சுவர், பெரணி இலைக் கூரை,
வாசலில் சோடா மூடி நிறையத் தண்ணீர்.
ஒரு சாலமாண்டர் குடிவரப்போகிறது என்று
பேருந்து ஓட்டுநர்வரை சொல்லிவைத்திருந்தான்.

ஓடி வந்தான், ஒரு கையில் தர்ப்பூசணி.
கத்தவில்லை. மறு கையால்
ஒவ்வொரு பட்டையாக எடுத்துத் திருப்பிப் பார்த்தான்,
அடியில் யாராவது மாட்டிக்கொண்டார்களா என்று.
அப்புறம்தான் அழுதான்.
யார் மிதித்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.
நானாகச் சொல்ல வாய் திறந்தேன்.
வாயில் முட்டை வாசம். மூடிக்கொண்டேன்.

ஷிஃப்ரா கத்தியை மேசையில் வைத்துவிட்டு வந்தாள்.
சமாதானம் சொல்லவில்லை,
வேறு வீடு கட்டித் தருகிறேன் என்றும் சொல்லவில்லை.
ஜோடி சேராத செருப்புகளைக் கழற்றிப் போட்டு
அவன் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தாள்.
காலையிலிருந்து நாங்கள் எல்லோரும்
தரையில்தான் உட்கார்ந்திருந்தோம்.
அவள் உட்கார்ந்தது வேறு மாதிரி இருந்தது.

அழுது ஓய்ந்தவன்
தன் துண்டை அவளிடம் நீட்டினான்.
ஓரத்தில் ஒரே ஒரு பல்தடம்.

வேண்டாம் என்று சொல்ல வேண்டிய இடம்.
வாங்கிக்கொண்டாள்.
தின்னவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.
ஓட்டுநர் ஹாரன் அடிக்கும்வரை
ஏந்திக்கொண்டே இருந்தாள்.
சாறு விரலிடுக்கில் கசிந்து
புறங்கையில் இறங்கி முழங்கைக்கு ஓடியது.
எறும்புகள் வழி கண்டுபிடித்துவிட்டன.

திரும்பும்போது எனக்கு முன் இருக்கையில் அவள்.
அவள் தோளில் கலேவ் தூங்கினான்,
நகக்கண்ணில் பட்டைத் தூள்.
மேப்பிள் நிழல் விழுந்து விழுந்து விலகியது.
தேன் எடுத்தவன் புறங்கையை நக்கமாட்டானா என்பார்கள்.
அவள் கை முகத்தருகே போனதைப் பார்த்தேன்.
மூக்கைத் துடைக்கவா, வேறு எதற்குமா,
வளைவில் வெயில் நேராகக் கண்ணில் அடித்தது.

நட்சத்திரம் வர இன்னும் ஐந்தரை மணி நேரம்.
அதுவரை நானும் தண்ணீர் குடிக்கவில்லை.
எந்தக் கணக்கிலும் அது சேராது.
தெரியும்.