உரியவர் வந்து பெற்றுக்கொள்ளவும்

திரை மாற்றிய போனை
உடனே கையில் கொடுப்பதில்லை நான்.
ஏதாவது படத்தை ஓடவிட்டு
மூலைகளில் நிறம் கசிகிறதா,
ஸ்பீக்கர் கரகரக்கிறதா என்று பார்ப்பேன்.
ஸ்ரான்லி வீதியில் பதினாறு வருசத் தொழில்.
ஒரு படமும் முழுதாய்ப் பார்த்ததில்லை,
முப்பது செக்கன்களாய்
ஆயிரம் படம் பார்த்திருக்கிறேன்.

அன்றைக்கு வந்தது ஒரு கம்பஸ் பிள்ளையின் போன்.
தர்சாயினி, பற்றுச்சீட்டு எண் இருநூற்றுப் பன்னிரண்டு.
கிணற்றுக்கட்டில் விழுந்து நொறுங்கியது.
உள்ளே யப்பான் கார்ட்டூன், பன்னிரண்டு பாகம்.
மூன்றாவதை அழுத்தினேன்.

ஒற்றைப் பெட்டி ரயில்.
பனி மூடிய சின்ன ஸ்ரேசன்.
தவறவிட்ட சாமான்களுக்கென்று ஓர் அறை,
அதற்கு ஒரு பெட்டை பொறுப்பு.
கொப்பியில் எழுதுகிறாள்:
இடக்கைக் கையுறை ஒன்று. சிவப்பு.
கேத்தில் கொதிக்கிறது.
அவ்வளவுதான்.
ஆவி எழும்புவதைக்கூட
அவசரமில்லாமல் யாரோ இருந்து கீறியிருக்கிறார்கள்.

முப்பது செக்கன் தாண்டியதை நான் கவனிக்கவில்லை.
சோல்டரிங் அயன் தன்பாட்டில் புகைந்துகொண்டிருந்தது.

வில்லன் வருவான் என்று பார்த்தேன், வரவில்லை.
ரயில் கவிழும் என்று நினைத்தேன்;
அது நேரத்துக்கு வந்தது,
நேரத்துக்குப் போனது.
ஒரு மனிசன் இறங்கி வந்து கையுறையைக் கேட்டார்.
அடையாள அட்டை கேட்கவில்லை அவள்.
"எந்தக் கை?" என்று மட்டும் கேட்டாள்.
அவர் வெறுங்கையை நீட்டிக் காட்டினார்.
தின்னர் மணம் என் கண்ணைக் கரித்தது
என்று வைத்துக்கொள்ளுங்கோ.

இரவு வதனிக்குச் சொன்னேன்.
"அதுக்குப் பிறகு என்ன நடந்தது?"
"ஒண்டும் நடக்கேல்லை."
"பிறகென்னத்துக்குப் பாத்தனீங்கள்?"
தண்டவாளமே இல்லாமல் கிடந்த ஸ்ரேசனில்
குடியிருந்து ஓ.எல் படித்தவள் அவள்.
நான் பேசாமல் மீன் முள்ளை எடுத்தேன்.

மறுநாள் நான்காம் பாகம். பிறகு ஐந்து, ஆறு.
பிள்ளை வந்தபோது
"பட்டரியையும் ஒருக்காப் பாக்கவேணும், நாளைக்கு வாங்கோ"
என்று பொய் சொன்னேன்.
ஏழாம் பாகத்தில் ஒரு குடை.
கைப்பிடியில் தாரா முகம்.
மூன்று குளிர்காலமாய் ஒருவரும் தேடி வராதது.
மாதம் ஒருமுறை பெட்டை அதை விரித்துக்
காயவைத்து, திரும்ப மடித்து வைக்கிறாள்.
அந்த இடத்தில்
கடைக் கண்ணாடியில் தட்டினாள் தர்சாயினி.

"பாக்கிறீங்கள் போல, அண்ணை."
வெட்கமாய்ப் போயிற்று.
"குடைக்கு ஆள் வந்ததோ?"
"தெரியாது அண்ணை.
சோதினைக் காலத்தில எனக்கு நித்திரை வராது.
அந்தப் பிள்ளை கொப்பியில எழுதுற சத்தம் கேட்டா
கண் தானாச் சொக்கும்.
ஏழாவதைத் தாண்டினதே இல்லை."
நான் கேளாமலே பென்ரைவில் போட்டுத் தந்தாள்.
கூலியில் இருநூறு குறைத்தேன்.

கீழ் லாச்சியில் நாற்பத்தொரு போன்கள்.
திருத்தி முடிந்தும் ஒருவரும் வந்து எடுக்காதவை.
வெளிநாடு போனார்களோ, காசில்லையோ,
எனக்குத் தெரியாது.
பாகங்களுக்கு உடைப்பம் என்று வைத்திருந்தேன்.

கொப்பி ஒன்று வாங்கினேன், எண்பது பக்கம்.
நோக்கியா, கறுப்பு, ஏழாம் இலக்கம் தேய்ந்தது.
சாம்சுங், பின்பக்கம் தேர் ஸ்ரிக்கர்.
இன்னொன்றின் உறைக்குள்
மடித்த பஸ் ரிக்கற், கொடிகாமம்.
ஞாயிறுகளில் ஒவ்வொன்றாய்ச் சார்ஜில் போடுகிறேன்,
அந்தக் குடையை விரிக்கிற மாதிரி.

பற்றுச்சீட்டில் கிடந்த வீட்டு எண்ணுக்கு எடுத்தேன்.
மூன்றாம் முறை ஓர் ஆம்பிளைக் குரல்.
"எந்தப் போன்?"
"பின்னால தேர் ஒட்டினது."
கன நேரம் ஒன்றும் கேட்கவில்லை.
அந்தப் பக்கம் எங்கோ கோழி கத்தியது.
"அது இன்னும் கிடக்கே?"

கிடக்கு என்றேன்.

எட்டாம் பாகத்தை இன்னும் போடவில்லை.
வதனி இப்போதுதான் மூன்றாவதில் நிற்கிறாள்.
"கேத்தில் கொதிக்கிற இடத்தை
இன்னொருக்கா விடுங்கோ" என்கிறாள்.