ஒன்பதாம் எண் பார்வையாளர்

பெர்கனில் மழைக்குப் பஞ்சமில்லை.
ஜன்னலைத் திறந்து கேமராவை வைத்தோம்.
துறைமுகம், சாயங்காலம், பத்து நொடி:
பதினேழாம் துண்டு.

எங்கள் தொழிலுக்கு மழைதான் எமன்.
நிற்கிற சுவரை ஒருமுறை சொன்னால் போதும்,
அடுத்த சட்டகத்தில் 'மேற்படி' என்று எழுதிவிடலாம்.
ஓடுகிற பேருந்தை
'அதுவே, நாலு கட்டம் வலப்பக்கம்' என்று முடித்துவிடலாம்.
மழைக்கு மேற்படி கிடையாது.
ஒவ்வொரு துளியும் புதுசு.

பழைய கோடெக் அதைக் கட்டம் கட்டமாக நொறுக்கும்,
ஆகாயத்துக்கு ஓடு பதித்ததுபோல்.
புதியது நாசூக்கானது.
தூறலைப் புகையாக்கும், புகையை வழித்து மெழுகும்,
பாதி அளவில் வேலையை முடித்துவிட்டு
ஒன்றும் நடக்காததுபோல் நிற்கும்.
அளவுகோல் அதற்கு நூற்றுக்குத் தொண்ணூற்றாறு கொடுத்தது.
தொர்மோட் அன்று கேக் வாங்கி வந்தான்.

இருந்தாலும் கண்கள் வேண்டும், விதி அப்படி.
சாம்பல் சுவர், மங்கிய விளக்கு,
திரையின் உயரத்தைப்போல் மூன்று மடங்கு தள்ளி ஒரு நாற்காலி.
இருபத்துநாலு பேர். ஆளுக்கொரு காப்பிக் கூப்பன்.
எது மூலம், எது சுருக்கியது, சொல்ல மாட்டோம்.
ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஓர் எண் போட வேண்டும்.

எல்லோரும் ஐந்து, நாலு, ஐந்து.
ஒன்பதாம் எண் மட்டும் ஒன்று.
ரன்வைக். கார் ஏற்றும் படகில் வேலை.
பத்தொன்பது குளிர்காலம் முன்தளத்தில் நின்று
இருட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவள்.
குறிப்புப் பெட்டியில் மூன்றே சொல்:
சின்னப் படகு எங்கே?

மூலத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
இடது ஓரம், பாரந்தூக்கிக்குக் கீழே
ஒரு சிவப்பு விளக்கு, இரண்டு பிக்சல் அகலம்.
மூன்று நொடிக்கொரு தரம் கண் திறக்கிறது.
நிறத்தில் கால்வாசியைத்தான் வைத்துக்கொள்கிறோம்,
கண் மிச்சத்தைத் தேடாது என்று பாடம்.
சுருக்கியதில் அந்த இடத்தில்
மழைகூட இல்லை.
நல்ல, மெத்தென்ற சாம்பல்.

"இரைச்சல்" என்றான் தொர்மோட்.
ஆனையே நுழைந்துவிட்டது, வாலுக்கு அழுவார்களா.

இன்னும் நாலு துண்டுக்கு
அவள் ஒன்றுதான் போட்டிருந்தாள்.
அவற்றில் என்ன காணவில்லை என்று
நான் பார்க்கவில்லை.

கணக்குப் போடும்போது வேறொரு விதி வரும்:
மற்றவர்களோடு ஒத்துப்போகாத பார்வையாளரைச்
சராசரியில் சேர்க்கக் கூடாது.
நல்ல விதிதான். தூங்கி வழிகிறவர்களும் வருகிறார்கள்.

இரவு எட்டே முக்காலுக்கு
ஒன்பதாம் வரிசையைத் தேர்ந்து
அழுத்தினேன்.
சராசரி நாலு புள்ளி ஏழு.
கோப்பு நாற்பது பைட் இளைத்தது.