நிறை

மூன்றாம் மாடி. குளிர்சாதனம் சொட்டும் அறை.
ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு கட்டங்கள்.
டாக்டர் ஊய் ஆங்கிலத்தில் கேட்பார்.
நான் தமிழில் ஊற்றுவேன்,
வருவதைத் திருப்பி ஊற்றுவேன்,
தே தாரிக் கடைக்காரன் மாதிரி.
சிந்தாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

இரண்டாம் கேள்வியில் இருக்கிறது அந்தச் சொல்:
சேட்.
பாலர் பள்ளிச் சுவரில், வாய் கீழே வளைந்த
மஞ்சள் முகத்துக்கு அடியில் முதன்முதல் பார்த்தது.
மூன்று எழுத்து. எளிது என்பார்கள்.
சோகம் என்று கேட்டால் சிரிக்கிறார்கள், அது சினிமாவுக்கு.
துக்கமா என்றால், யார் போனது என்கிறார்கள்.
வருத்தமா என்றால், யார் மேல?
கவலையா என்றால் கார்க் கடன், வீட்டுக் கடன்,
மைத்துனனுக்குப் போட்ட ஜாமீன்.

இன்று ஏகாம்பரம்.
பட்டர்வொர்த் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுபவர்.
உட்கார்ந்ததும் கைப்பேசியை
மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.
"மனசு எப்படிண்ணே இருக்கு?"
வெகுநேரம் கழித்து,
"நெறஞ்சு கெடக்கும்மா."

ஊற்றினேன்.
மனம் நிறைந்திருக்கிறதாம், டாக்டர்.
டாக்டர் ஊய் மகிழ்ந்துபோனார்.
அவர் மொழியில் அது கல்யாண வீட்டில் சொல்வது.
முதல் கட்டத்தில் ஒரு சரி:
இல்லவே இல்லை.

பேனா மூன்றாம் கேள்விக்கு நகர்ந்தபோது
எனக்கு அந்த இரும்பு நினைவுக்கு வந்தது.

போன ஞாயிறு, லோரோங் கூலிட் சந்தை.
கைப்பிடி கறுத்த ஒரு பழைய இஸ்திரிப்பெட்டி,
கழுத்தில் சீட்டு: சேட் அயர்ன். இருபத்தைந்து வெள்ளி.
பெட்டிக்கு என்ன சோகம் என்று கேட்டேன்.
ஹொக் சூன் தலைநிமிராமல் சொன்னான்,
"தூக்கிப் பாரு லா."
தூக்கினேன். மணிக்கட்டு புரிந்துகொண்டது.
பதினெட்டுக்குப் பேசி வாங்கி வந்து
இரவு ஒரு மணிவரை அகராதி புரட்டினேன்.

ஆயிரம் வருடத்துக்கு முன்
அந்தச் சொல்லுக்கு அழத் தெரியாது.
தின்று முடித்துத் தட்டைத் தள்ளியவன்
போதும், நிறைந்துவிட்டது என்று சொன்ன சொல்.
நிறைந்தது அலுத்தது. அலுத்தது கனத்தது.
உப்பாமல் போன ரொட்டிக்கு அந்தப் பெயர்.
ஒளி குடித்த துணிச்சாயத்துக்கு அந்தப் பெயர்.
பிறகு அசையாத மனிதனுக்கும்,
சொன்ன சொல்லில் நிற்பவனுக்கும்.
மெல்லத்தான், வேறு யாரும் அழைக்காதபோது,
துயரத்தின் வீட்டுக்குக் குடிபோனது.

அந்த ஒரு மணிக்கு நான் எழுந்து உட்கார்ந்தேன்.
ஏனென்றால் நம்மிடம் நிறை இருக்கிறது.
குடம் நிறைவதும் நிறை.
தராசு சொல்வதும் நிறை.
மனம் நழுவாமல் நிற்பதும் நிறை.
அதே மூன்று படிகளில் ஏறி
நான்காவதற்கு முன் நின்றுவிட்டோம்.

நின்றுவிட்டோம் என்றுதான் நினைத்திருந்தேன்,
இந்த மனிதர் வாயைத் திறக்கும்வரை.

"டாக்டர், கொஞ்சம் இருங்கள்.
தப்பாக ஊற்றிவிட்டேன்."
வெளியே பதினோரு பேர். அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.
அகராதியை எல்லாம் நான் சொல்லவில்லை.
கப்பலில் ஏற்ற முடியாத பெட்டி ஒன்று
பாரந்தூக்கியில் தொங்குகிறது,
கீழே வைக்க இடமில்லை, அப்படி நிறைந்திருக்கிறார் என்றேன்.

டாக்டர் ஊய் கொஞ்ச நேரம் எழுதவில்லை.
பின் சரியை அடித்தார், பக்கத்தில் கையொப்பமிட்டார்,
கடைசிக் கட்டத்துக்குப் போனார்.

"என்னம்மா சொன்னீங்க?"
"நீங்க சொன்னதத்தாண்ணே."
"அத மொதல்லயே சொன்னீங்களே."
"ஆமா. அது பழைய இங்கிலீசு.
இவருக்கு விளங்கல."

சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது அவருக்கு, பாதியில் நின்றது.
கைப்பேசி ஒருமுறை அதிர்ந்து
மேசையில் அரை விரல் நகர்ந்தது.
அவர் திருப்பவில்லை.

மூன்றாம் கேள்வி. தூக்கம்.
இந்தச் சொல் சுலபம்
என்று நினைத்துத்தான் வாயைத் திறக்கிறேன்.