பப்பாளிப் பங்கீடு

தேன்கனிக்கோட்டையில் மார்கழி விடிய
ஏழு மணிக்கு மேலாகும்.
அதுவரை பனி, எதிர்வீட்டு மாடியைக்கூட
இருப்பில் காட்டாது.

நான் பழம் நறுக்குகிறேன்.
சந்தை கலைகிற நேரத்தில் ருத்ரம்மா
பாதி விலைக்குத் தள்ளிவிட்ட பப்பாளி.
ஒரு பக்கம் கனிவு, மறுபக்கம் பிடிவாதமாய்ப் பச்சை.

ஒன்பது மணிக்கு நான்
நியாய விலைக் கடை விற்பனையாளர்.
பதினேழு வருஷம்.
சாக்கின் எடை கழித்து
இருபது கிலோவுக்கு இருபது கிலோ போடத் தெரியும்.
இந்தக் கொல்லையில் மட்டும்
கணக்கு உதைக்கிறது.

முதல் வாரம், துவைக்கிற கல்லின் மேல் ஒரே தட்டு.
முதலில் வந்தது பெண்குயில்.
புள்ளிச் சேலை, சிவந்த கண்.
தின்றதென்னவோ நாலு கொத்து.
அப்புறமும் தட்டின் நடுவிலேயே உட்கார்ந்திருந்தது,
லாரி வருமுன்பே வந்து
வரிசையின் தலையில் பை போட்டுவிட்டு
எவரையும் நகரவிடாத கவுரம்மா மாதிரி.
கொண்டைக்குருவிகள் முருங்கையிலிருந்து
மனு கொடுத்தபடி இருந்தன.

இரண்டாம் வாரம் மூன்று தட்டு.
ஒன்றைக் குயில் காத்தது.
ஒன்றை மைனாக்கள் குடும்பத்தோடு வந்து முடித்தன.
மூன்றாவதை அணில், தட்டோடு கீழே தள்ளியது.
உனக்குக் கார்டு இல்லையே என்று
சொல்லிப் பார்த்தேன்.

பெரிய துண்டு போட்டால் பெரிய அலகுக்குத்தான் போகும்.
சுண்டுவிரல் நகமளவு நறுக்கி
கிளுவை வேலிக்குள் செருகினேன்,
குயிலின் உடம்பு நுழையாத சந்துகளில்.
வந்தன வெள்ளைக்கண்ணிகள்:
கண்ணைச் சுற்றிச் சுண்ணாம்பு வட்டம் போட்ட
பத்தோ பன்னிரண்டோ சின்னப் பச்சைகள்.
எண்ணி முடிக்கவில்லை,
எண்ண விடவும் இல்லை.

சன்னலிலிருந்து லகுமப்பா, என் வீட்டுக்காரர்:
"பறக்கத் தெரிஞ்சதுங்க, தேடிக்காதா?
பழைய பழம் கெடந்தா அதுங்களுக்குச் சீக்கு வரும்.
தட்டக் கழுவு மொதல்ல."
கழுவினேன், வெந்நீரில்.
அவர் சொன்னதில் பாதி சரி.

நேற்று கடைக்கு ஒருவன் வந்தான்.
தளி ரோட்டு ரோஜாப் பண்ணையில் வேலை,
ஊர் ஜார்க்கண்டாம்.
நாலு முறை விரல் வைத்தான்.
முள் கிழித்துத் தேய்ந்த ரேகை.
நாலு முறையும் சிவப்பு விளக்கு.
எனக்குத் தெரிந்த ஒரே இந்தியில்
"கல்" என்றேன். நாளைக்கு.
அவர்கள் பேச்சில் நேற்றுக்கும் அதே சொல்லாம்.
எங்கள் பேச்சில் அது வெறும் கல்.
தலையாட்டிவிட்டுப் போனான்.

இன்று காலை,
துவைக்கிற கல்லுக்குக் கீழே ஈரச் சருகில்
ஏதோ அசைந்தது.
தலையெல்லாம் ஆரஞ்சு, சாம்பல்நீல முதுகு,
கன்னத்தில் இரண்டு கரிக்கோடு.
பூங்குருவி.
குளிருக்கு வந்து குளிரோடு போகிற பறவை.
எந்தத் தட்டிலும் அதை நான் பார்த்ததில்லை.
மைனா சிந்தியதை
சருகு புரட்டிப் புரட்டிப் பொறுக்கியது.
ஒவ்வொரு கொத்துக்கும் தலை சாய்த்து
யாராவது அதட்டுகிறார்களா என்று கேட்டது.

மூன்று வாரமாக என் பங்கீட்டில்
தரைக்கென்று ஒரு துண்டு இல்லை.

தரையில் வைத்தால் பூனை.
வைக்காவிட்டால் நான்.

கொய்யா மரத்தடியில் நாலு துண்டு வைத்துவிட்டு
கத்தியும் கையுமாய்
வாசற்படியில் நின்றேன், பூனைக்குக் காவல்.
அது வர நேரமாயிற்று.
வந்து, தின்ன இன்னும் நேரமாயிற்று.
குயில் ஒருமுறை இறங்கிப் பார்த்தது,
நான் இருமினேன்.

கடை திறக்க இருபது நிமிஷம் தாமதம்.
வரிசையின் தலையில் கவுரம்மாவின் பை,
அதன் பின்னால் அவள் குரல்.
கடைசியில் அவன்,
கட்டை விரலைச் சட்டையில் துடைத்தபடி.

பையைத் தாண்டிக் கைகாட்டி அவனை அழைத்தேன்.
ஊது என்று சைகை செய்தேன்.
குவித்த கைக்குள் அவன் ஊதினான்,
புகை வந்தது.
விரலை வைத்தான்.

இயந்திரத்தில்
அந்தச் சின்ன வட்டம்
சுற்றுகிறது, சுற்றுகிறது.