ஓடும் நிலையில்

ஏறுமுன் செருப்பைக் கழற்றச் சொன்னார் லிங்கராஜ அரசு.
இருபது வருஷமாகக் காப்பீட்டுக்கு வண்டி மதிப்பிடுகிறேன்.
நசுங்கிய ஆல்ட்டோ, கவிழ்ந்த பால்வண்டி,
வெள்ளத்தில் மூன்று நாள் கிடந்த ஸ்கூல் பஸ்.
வெறுங்காலோடு எதிலும் ஏறியதில்லை.

ஜெயமஹாலில் ஞாயிறு, காலை ஐந்தரை.
ஷெட்டின் ட்யூப்லைட் மூன்று முறை யோசித்து எரிந்தது.
பியர்ஸ் ஆரோ, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பது,
ஏழு பேருக்கான திறந்த டூரிங் வண்டி.
மட்கார்டிலிருந்தே முளைத்த ஹெட்லைட்டுகள்,
மழைக்குக் காத்திருக்கும் தவளைக் கண்கள்.

படிவத்தில் ‘ஒரிஜினல்?’ என்றொரு கட்டம்.
கரும்பச்சைப் பெயின்ட், ஆம்.
கான்வாஸ் கூரை, ஆம்.
ஒரே வரிசையில் எட்டு சிலிண்டர்,
எவரும் இடையில் நுழையாத க்யூ.
“தூசுகூட எங்க வீட்டுத் தூசுதான், மேடம்.”
அவர் சிரிக்கவில்லை.

பின் சீட்டுத் தோல் நேற்றுத் தைத்ததுபோல் இருந்தது,
நான்கு கீறல்கள் தவிர.
அதற்கு முன்னால் மடக்கி விரிக்கிற குட்டி இருக்கைகள் இரண்டு.
வலப்பக்கத்தது மட்டும்
தோல் போய், துணி போய்,
ஒரு ஆள் அளவுக்குப் பள்ளம்.

“ட்யூக்,” என்றார் கீறலைத் தடவி,
“அப்பாவோட கிரேட் டேன். பின் சீட்டு முழுக்க அதுக்குத்தான்.”
இது?
“நாயைப் பிடிச்சுக்கிறவன்.”
பேர்?
மெக்கானிக் முனீர் பானெட்டை அறைந்து மூடினார்.
என் வீட்டு மிக்ஸியைவிட மெதுவாக
எழுந்தது எஞ்சின்.

ஸ்டியரிங் இடப்பக்கம்.
வலப்பக்கம் பார்த்துச் சொல்ல முனீர் முன்னால்.
பின் சீட்டில் வெள்ளை விரிப்பு, “அங்க வேண்டாம்.”
எனக்குக் கிடைத்தது அந்தப் பள்ளம்.
எனக்குப் பொருந்தவில்லை.
ஸ்பிரிங் தொடையைக் குத்தியது.

ட்ரினிட்டி சர்க்கிளை அடைத்திருந்தார்கள்.
மஞ்சள் டீ-ஷர்ட்டில் நாலாயிரம் பேர்
ஏதோ ஒரு நோய்க்கு எதிராக ஓடிக்கொண்டிருந்தார்கள்.
எண்பது மைல் வேகத்துக்குச் செய்த வண்டியை
மூச்சிரைக்கும் ஒருத்தர் முந்திப் போனார்,
ஓடியபடியே செல்ஃபி எடுத்து.

மெட்ரோ தூண் பக்கத்தில் கொதித்துவிட்டது.
ரேடியேட்டர் மூடியிலிருந்து ஆவி,
இட்லிக் கடை திறந்த மாதிரி.
மூன்று பேரும் இறங்கி நின்றோம். நான் மட்டும் வெறுங்காலோடு,
செருப்பு ஜெயமஹாலில்.

காவேரி என்று எழுதிய, போர்வெல் தண்ணீர் டேங்கர் ஒன்று
பின்னால் நின்று ஹாரன் அடித்தது. பிறகு நிறுத்தியது.
டிரைவர் பக்கெட்டோடு வந்தார்.
“மைலேஜ் எவ்வளவு?”
“மூணு,” என்றார் அரசு.
“என்னோடதே நாலு கொடுக்கும், சார்.”
ஆறட்டும் என்று காத்திருந்து இரண்டு பக்கெட் ஊற்றினோம்.
காசு வாங்கவில்லை.
வண்டிமேல் கை வைத்து ஒரு போட்டோ கேட்டார்.
கரும்பச்சையில் ஐந்து ஈர விரல்கள்.
அரசு துணியை எடுத்தார்.
மடித்துப் பையிலேயே வைத்தார்.

அல்சூர் ஏரி வளைவில், கேட்காமலே சொன்னார்:
“மாரய்யா.”
இரண்டு கியர் தாண்டி,
“இல்ல, மாயிகய்யா.
குள்ளமா இருப்பார். நாய் அவரைவிட உயரம்.”

அதற்குப் படிவத்தில் இடமில்லை.
மதிப்பு என்ற இடத்தில் ஒரு எண்ணைப் போட்டேன்,
எத்தனை சைபர் என்று இருமுறை எண்ணி.
நிலை என்ற இடத்தில்:
ஓடும், தண்ணீர் கொடுத்தால்.

டேங்கர் முன்னால் போய்க்கொண்டிருந்தது.
அதன் வால்வு ஒழுகி ரோட்டில் ஒரு ஈரக் கோடு.
அதன்மேலேயே போனோம் நாங்களும்,
இருபது கிலோமீட்டர் வேகத்தில்,
அது ஒரு சந்துக்குள் திரும்பும்வரை.